என் ஆங்கிலம் எந்த நிலையில் இருக்கிறது? நானே அளந்து பார்த்த அனுபவம்

ஒரு புதிய குழுவுக்கு மாறுவதற்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். படிப்பு, வேலை அனுபவம் எல்லாம் எழுதியாயிற்று. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: ஆங்கிலப் புலமை, 5க்கு எவ்வளவு? அரை நிமிடம்கூட யோசிக்காமல் 4 என்று டிக் அடித்தேன். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக அலுவலக மின்னஞ்சலெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஐந்து போட்டால் மிகையாக இருக்கும், மூன்று போட்டால் என்னை நானே குறைத்துக்கொள்வதுபோல் இருக்கும். அந்த நான்குக்கு அவ்வளவுதான் ஆதாரம்.

மூன்று வாரம் கழித்து அந்தக் குழுவோடு முதல் போன் கூட்டம். ஆறு பேர், முகம் தெரியாது, குரல் மட்டும். தனித்தனியாகப் பேசியவரை ஓரளவு தொடர முடிந்தது. இரண்டு மூன்று பேர் குறுக்கே பேச ஆரம்பித்ததும் பிடி விட்டுப்போனது. திடீரென்று என் பெயரைச் சொல்லி யாரோ ஒரு கேள்வி கேட்டார். கேள்வியின் கடைசிப் பாதிதான் காதில் விழுந்தது. பேச்சு எந்தக் கணக்கைப் பற்றியது என்று தெரியும், அதைப் போட்டதே நான்தான். ஆனால் வாய்க்கு வாக்கியம் வரவில்லை. "எஸ்" என்று மட்டும் சொன்னேன். அது ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற கேள்வியே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நான் சொன்ன அந்த ஒரு சொல்லை நம்பி இரண்டு பேர் ஒரு வாரம் தவறான தேதியை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

அந்த வாரம் முழுக்க ஒரு கேள்வி என்னை விடவில்லை. படிவத்தில் நான் எழுதியது பொய்யா? அதே ஆட்கள் அனுப்பிய நாற்பது பக்க அறிக்கையைப் படித்து, அதிலிருந்த ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவனும் நான்தானே. இரண்டும் ஒரே ஆள், ஒரே மொழி. அப்படியென்றால் நான்கு என்ற எண் எதைக் குறிக்கிறது? இதற்கு விடை தேடித்தான் அடுத்த சில மாதங்கள் என் ஆங்கிலத்தை நானே அளந்து பார்த்தேன்.

முதலில் கையில் கிடைத்தது ஐரோப்பிய கவுன்சில் 2001ல் வெளியிட்ட சி.இ.எஃப்.ஆர் என்ற மொழித்திறன் அளவுகோல். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று கீழிருந்து மேலாக ஆறு நிலைகள். "பி2 லெவல்", "சி1 லெவல்" என்று விளம்பரங்களில் வருவதெல்லாம் இதிலிருந்து எடுத்ததுதான். அந்த எழுத்துகளைவிட, அதோடு வரும் சுயமதிப்பீட்டு அட்டவணைதான் எனக்குப் பயன்பட்டது. அதில் ஐந்து வரிசைகள்: கேட்பது, படிப்பது, பிறரோடு உரையாடுவது, தனியாகத் தொடர்ந்து பேசுவது, எழுதுவது. பேசுவதையே இரண்டாகப் பிரித்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. தயார் செய்துகொண்டு பத்து நிமிடம் பேசுவது வேறு. எதிரில் இருப்பவர் எதைக் கேட்பார் என்று தெரியாமல் பதில் சொல்வது வேறு. முதலாவதை நான் பலமுறை செய்திருக்கிறேன். இரண்டாவதை ஏறக்குறைய செய்ததே இல்லை.

அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் "என்னால் இது முடியும்" என்கிற தோரணையில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த வாசகங்களை யாரோ உட்கார்ந்து தோன்றியபடி எழுதிவிடவில்லை. 1990களின் நடுவில் சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய 300 ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை இவற்றைக் கொண்டு மதிப்பிட்டு, எந்த வாசகம் எளிது, எது கடினம் என்று தெரிந்த பிறகே வரிசைப்படுத்தினார்கள். அதனால் அதை நம்பி நிரப்ப உட்கார்ந்தேன்.

நிரப்பினேன், மறுபடி அதே தவறைச் செய்தேன். உரையாடல் வரிசையில் பி2 கட்டத்தைப் படிக்கிறேன்: தாய்மொழியாகப் பேசுகிறவர்களோடும் ஓரளவு சரளமாக உரையாட முடியும் என்பது அதன் சாரம். "முடியுமே" என்று மனம் உடனே சொல்லிவிட்டது. எப்போதோ ஒருமுறை, அமைதியான அறையில், பொறுமையான ஒருவரிடம், எனக்குத் தெரிந்த விஷயத்தைப் பேசிய ஞாபகம் அது. "முடியுமா?" என்று கேட்டால் மனம் நம்முடைய மிகச் சிறந்த நாளை எடுத்துக் காட்டுகிறது. சிலருக்கு நேர்மாறாக, மிக மோசமான நாளை எடுத்துக் காட்டும். என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அதனால் கேள்வியை மாற்றினேன். கட்டத்திலுள்ள ஒவ்வொரு வாசகத்துக்கும்: கடந்த 30 நாளில் இதைச் செய்தேனா? எப்போது, யாரோடு, என்ன உதவியோடு? நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல முடிந்தால் பேனாவால் டிக். "முடியும் என்று தோன்றுகிறது, ஆனால் செய்யவில்லை" என்றால் பென்சிலால் டிக். இவ்வளவுதான் மாற்றம், ஆனால் அட்டவணையின் தோற்றமே மாறிவிட்டது. படிப்பதில் பி2 வரை முழுக்கப் பேனா, சி1ல் பாதி. எழுதுவதில் பி1 பேனா, பி2 பென்சில். உரையாடலில் ஏ2 மட்டும் பேனா, பி1ல் ஒன்றிரண்டு, அதற்கு மேலே எல்லாம் பென்சில். பென்சில் டிக்கைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. அது "தெரியாது" என்று சொல்வதில்லை, "இன்னும் ஆதாரம் இல்லை" என்றுதான் சொல்கிறது. ஆதாரம் தேடுவதற்காகத்தான் அடுத்து வந்த சோதனைகளைச் செய்தேன்.

படிப்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஏறக்குறைய 300 சொல் உள்ள ஒரு பக்கத்தை எடுத்து, அகராதி இல்லாமல் படித்து, தெரியாத சொல்லின் கீழே கோடு போட்டேன். எந்த உதவியும் இல்லாமல் வசதியாகப் புரிய வேண்டுமென்றால் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூ, நேஷன் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் 2000ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. 300க்கு அது 6 சொல். என் துறை சார்ந்த அறிக்கையில் ஒரே ஒரு கோடுதான் விழுந்தது. ஒரு நாவலின் பக்கத்தில் 14. "நான் நன்றாகப் படிப்பேன்" என்பது என் துறைக்குள் மட்டும் உண்மை என்று இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வேகத்தையும் பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் மௌனமாகப் படிக்கும் வேகம் சராசரியாக நிமிடத்துக்கு 238 சொல் என்கிறது பிரிஸ்பார்ட் என்ற ஆய்வாளர் 2019ல் தொகுத்த ஆய்வு. நான் 160ல் இருந்தேன்.

சொல்வளச் சோதனை எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஒரு பட்டியலைக் கொடுத்து "இந்தச் சொல் தெரியுமா?" என்று கேட்பார்கள், ஆம் அல்லது இல்லை என்று டிக் செய்ய வேண்டும். பட்டியலில் சில சொற்கள் ஆங்கிலத்திலேயே கிடையாது, ஆங்கிலம் மாதிரி தெரியும்படி செய்த போலிச் சொற்கள். மீரா, பக்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1987ல் முன்வைத்த முறை இது. டயலாங் என்ற இலவச இணையச் சோதனையிலும் தொடக்கத்தில் இப்படி ஒன்று உண்டு. போலிச் சொற்கள் ஐந்துக்கு நான் "தெரியும்" என்று போட்டிருந்தேன். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை, உண்மையிலேயே எங்கோ பார்த்த மாதிரிதான் இருந்தது. இந்தப் "பார்த்த மாதிரி இருக்கிறது" என்ற உணர்வுதான் இத்தனை வருடமாக என்னிடம் புலமை என்று வேஷம் போட்டிருக்கிறது.

அப்புறம் பால் நேஷன் உருவாக்கிய சொல்வள அளவுத் தேர்வையும் எழுதினேன். 140 கேள்விகள். சரியான விடைகளை 100ஆல் பெருக்கினால் எத்தனை சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரியும் என்ற மதிப்பீடு கிடைக்கும். எனக்கு 83 சரி, அதாவது 8,300. நாவல், செய்தித்தாள் போன்றவற்றைச் சிரமமில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 வரையும் வேண்டும் என்று அதே நேஷன் 2006ல் எழுதியிருக்கிறார். அப்படியானால் பேச்சு எனக்குத் தாராளமாகப் புரிய வேண்டும். ஏன் புரியவில்லை? தேர்வில் சரியாகப் போட்ட சொற்களில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் வைத்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன். நான்கைத்தான் நம்பிக்கையோடு எழுத முடிந்தது. அந்தத் தேர்வு அளப்பது கண்ணால் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும் சொற்களை. கையில், வாயில், காதில் இருக்கும் சொற்கள் எத்தனை என்பதற்கு வேறு சோதனைதான் வேண்டும்.

காதுக்கு நான் செய்தது இது. ஒரு பேட்டியின் ஒலிப்பதிவில் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன். எழுதி வாசித்த செய்தி வேண்டாம், இயல்பாகப் பேசிய பேட்டிதான் வேண்டும். எழுத்து வடிவமும் கூடக் கிடைக்கிற மாதிரி பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 150 சொல் இருந்தது. முதல் தடவை கேட்டு முடித்ததும் என்ன புரிந்தது என்று தமிழில் இரண்டு வரி எழுதினேன். பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதினேன். கடைசியில் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டேன்.

பேச்சின் சாரம் சரியாகத்தான் பிடித்திருந்தேன். சொல் சொல்லாக எழுதியதில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டை. அந்த ஓட்டைகளில் இருந்த சொற்களைப் பார்த்தபோதுதான் திகைத்துப்போனேன். ஒன்றுகூட எனக்குத் தெரியாத சொல் இல்லை. "வுட் ஹேவ்", "கோயிங் டு", "ஆஃப் தெம்" மாதிரி பள்ளியிலேயே படித்தவை. பேசும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டி, தேய்ந்து, பாதி விழுங்கப்பட்டு வருகின்றன. "கோயிங் டு" என்பது "கன" என்று காதில் விழுகிறது. நான் எழுத்தில் கற்ற வடிவத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க, அது வேறு உருவத்தில் கடந்து போய்விடுகிறது.

ஆங்கிலம் கற்கிற யாருக்கும் நான் முதலில் சொல்லும் சோதனை இதுதான். கேட்டுப் புரியாததை எழுத்தில் படித்துப் பாருங்கள். படித்தாலும் புரியவில்லை என்றால் சொல்வளத்திலோ இலக்கணத்திலோ குறை. படித்தவுடன் "அட, இதுதானா!" என்று தோன்றினால் குறை காதில் இருக்கிறது. இன்னும் ஆயிரம் சொல் மனப்பாடம் செய்தாலும் அது சரியாகாது. நான் பல வருடம் சொல் பட்டியல்களை மனப்பாடம் செய்து வீணாக்கிய நேரம் இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால்தான். சப்டைட்டிலோடு படம் பார்ப்பதைக் கேட்கும் திறனுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வதையும் அன்றோடு விட்டேன். சப்டைட்டில் ஓடும்போது நான் செய்வது பெரும்பாலும் படிப்புதான்.

பேச்சுக்கு வருகிறேன். வெளிநாட்டில் படிக்கவோ வேலை செய்யவோ போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் நடுவே ஒரு கட்டம் உண்டு. ஒரு தலைப்பைக் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் கொடுப்பார்கள். பிறகு இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேச வேண்டும். அதே முறையில் போனில் பதிவு செய்தேன். பதிவு செய்ததை அன்றைக்குக் கேட்கவில்லை. உடனே கேட்டால், சொல்ல நினைத்தது மனத்தில் இன்னும் இருப்பதால், சொன்னதும் அதுவே மாதிரி தோன்றும். மறுநாள் கேட்டு, தயங்கியது, "ம்ம்" என்று இழுத்தது, பாதியில் விட்டது எதையும் மாற்றாமல் தாளில் எழுதினேன். இரண்டு நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் ஆனது. என் ஆங்கிலத்துக்காக நான் செலவு செய்த மிக நல்ல ஒரு மணி நேரம் அது.

மொத்தம் 171 சொல். அதில் "பேசிக்கலி", "ஆக்சுவலி" இரண்டும் சேர்ந்து 14 தடவை. ஐந்து வாக்கியங்களைப் பாதியில் விட்டிருந்தேன். "ஹி கோஸ்" என்று வர வேண்டிய இடத்தில் "ஹி கோ". "எ", "தி" வர வேண்டிய பாதி இடங்களில் ஒன்றுமே இல்லை. தமிழில் அவற்றுக்கு நேரான சொல் இல்லாததால் விட்டுப்போவதுகூடக் காதுக்கு உறைப்பதில்லை. தாளில் இதே பிழைகளைக் கொடுத்துத் திருத்தச் சொல்லியிருந்தால் ஒன்று விடாமல் திருத்தியிருப்பேன். அப்படியானால் என் இலக்கண நிலை எது? திருத்தத் தெரிந்த நிலையா, பேச்சில் வருகிற நிலையா? பேசுவதை அளக்கும்போது பேச்சில் வந்ததை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கெங்கே நிறுத்துகிறேன் என்று பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. வாக்கியம் முடியும் இடத்தில் நிறுத்துவது இயல்பு. நான் பெரும்பாலும் எழுவாயைச் சொன்னவுடன் நின்றிருக்கிறேன். "தி கிளையன்ட்..." என்று சொல்லிவிட்டு இரண்டு நொடி. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. யார், எதை, எங்கே, எப்போது என்று எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டே போய், என்ன நடந்தது என்பதைக் கடைசியில் தீர்மானித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுவாயைச் சொன்ன கையோடு வினை வந்தாக வேண்டும், காலத்தோடு சேர்ந்து வந்தாக வேண்டும். வாயைத் திறக்கும் முன்பே வினையை முடிவு செய்து வைக்காததுதான் என் திணறல். இது தெரிந்த பிறகு பயிற்சிக்கு ஒரு திசை கிடைத்தது. "சரளம் போதாது" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என்ன செய்வது என்றே தெரியாமல் இருந்தேன்.

பிழைகளைப் போலவே, சொல்லாமல் விட்டதையும் எழுதி வையுங்கள். "முன்பே சொல்லியிருந்தால் நான் மாற்றியிருப்பேன்" என்று சொல்ல நினைத்து, அந்த வாக்கிய அமைப்புக்குப் பயந்து, "ஐ டிட் நாட் நோ" என்று சொல்லி முடித்திருந்தேன். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. சொல்ல வந்தது மட்டும் அதில் இல்லை. பிழை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், தெரிந்ததற்குள்ளேயே சுற்றி வருகிறவருக்கு நல்ல மதிப்பெண் விழுந்துவிடும். தாளின் ஓரத்தில், சொல்ல நினைத்துச் சொல்லாததைத் தமிழிலேயே எழுதினேன். பதினொரு வரி வந்தது. அடுத்த இரண்டு மாதம் என் பாடத்திட்டம் அந்தப் பதினொரு வரிதான்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள் என்றுதான் சொல்வேன். தமிழ் வாடை அடிப்பது குறையில்லை. சி.இ.எஃப்.ஆர் விரிவாக்கத்தை 2020ல் வெளியிட்டபோது, "தாய்மொழியாகப் பேசுகிறவர்" என்று ஒப்பிடும் சொற்களையே வாசகங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேட்கிறவருக்குச் சொல் மாறிக் கேட்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். தமிழில் "ப" என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் பயன்படுகிறது, "க"வும் அப்படித்தான். அதனால் "பேக்" என்று நான் சொன்னால் பையா, மூட்டை கட்டுவதா, முதுகா என்று எதிரில் இருப்பவர் தடுமாறலாம். இப்படிப்பட்ட ஜோடிச் சொற்களை முன்பின் வாக்கியம் இல்லாமல், தனித்தனியாகக் குரல் தட்டச்சில் சொல்லிப் பார்த்தேன். முழு வாக்கியமாகச் சொன்னால் கருவி சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும், உண்மை தெரியாது.

எழுத்துக்கு, 40 நிமிடத்தில் 250 சொல், தாளில், பேனாவால். போனும் கணினியும் பிழையைத் தானாகத் திருத்திவிடுவதால் நம் எழுத்துநிலை எப்போதும் ஒரு படி கூடுதலாகவே தெரியும். என் பழைய மின்னஞ்சல்களையும் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் எழுதியிருக்கிறேன், உண்மைதான். ஆனால் ஏறக்குறைய நாற்பது வாக்கியங்களைத்தான் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். எத்தனை வருடம் பயன்படுத்தினோம் என்பதை நிலைக்குச் சான்றாக வைத்துக்கொண்டவர்கள் ஒருமுறை இப்படிப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது என் தங்கை. நான் இதையெல்லாம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து அவளும் அட்டவணையை வாங்கிப் பார்த்தாள். "அண்ணா, எனக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. ஏ1 போட்டுக்கோ" என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் செய்வது வடிவமைப்பு வேலை. வாரம் இரண்டு தடவையாவது வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசுகிறாள். விலை பேசுகிறாள், தாமதத்துக்குக் காரணம் சொல்கிறாள், அவர்கள் கேட்கும் மாற்றம் ஏன் நன்றாக வராது என்று வாதாடுகிறாள். பேனா, பென்சில் முறைப்படி ஒவ்வொரு கட்டமாகக் கேட்டேன். "போன வாரம் இது செஞ்சியா?" "செஞ்சேன், ஆனா தப்புத் தப்பா." "அவங்களுக்குப் புரிஞ்சுதா?" "புரிஞ்சுது, பணமும் அனுப்பிட்டாங்க." உரையாடல் வரிசையில் பி1 முழுக்கப் பேனா, பி2லும் இரண்டு பேனா டிக். அந்த வரிசையில் என்னைவிட அவள் மேலே இருந்தாள். பள்ளியில் யாரோ அவள் பிழையைச் சொல்லி எல்லோர் முன்பும் சிரித்த நாள் ஒன்று உண்டு. இத்தனை வருடமும் அந்த நாளை வைத்துத்தான் அவள் தன்னை அளந்திருக்கிறாள். அட்டவணையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தன்னைத்தானே மதிப்பிட்டால் சரியாக வருமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆனால் 1985ல் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் லெப்லாங், பான்ஷோ என்ற இருவர், மாணவர்களை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதற்கே சுயமதிப்பீட்டைப் பயன்படுத்திப் பார்த்து, அது பயன்படும் என்று எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் மாணவர் வாழ்க்கையில் உண்மையில் சந்திக்கும் சூழல்களைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியம். "புலமை 5க்கு எவ்வளவு" மாதிரிக் கேள்விக்கு யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

இருந்தாலும் வெளியாள் ஒருவர் பார்ப்பது அவசியம். ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு அம்மாவிடம் என் ஒலிப்பதிவையும், எழுதியதையும், வெற்று அட்டவணையையும் கொடுத்தேன். நான் போட்டதைக் காட்டவில்லை. காட்டினால் அதையொட்டியே போடத் தோன்றும். பேச்சுக்கு இரண்டு பேரும் பி1. எழுத்துக்கு நான் பி1 என்றும் அவர் பி2 என்றும் போட்டிருந்தோம். திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னது: "தப்பு வந்துடுமோன்னு பாதியிலேயே நிறுத்திடறீங்க தம்பி. கேக்கறவங்களுக்கு உங்க தப்பு பெரிசாத் தெரியாது. நிறுத்தறதுதான் தெரியும்."

கடைசியாக ஐ.இ.எல்.டி.எஸ் எழுதினேன். 9க்கு, படிப்பது 8, கேட்பது 6, எழுதுவது 6, பேசுவது 5.5. கூட்டி நான்கால் வகுத்தால் 6.375. அரைப் புள்ளிக்கு முழுமையாக்கி மொத்தம் 6.5 என்று வந்தது. என் நான்கு திறன்களில் ஒன்றுகூட 6.5 கிடையாது. பேசுவதில் ஒரு புள்ளி குறைவு, படிப்பதில் ஒன்றரைப் புள்ளி கூடுதல். சான்றிதழில் தடித்த எழுத்தில் இருப்பது அந்த 6.5தான். நல்லவேளை, நான்கும் தனித்தனியாகவும் அச்சாகி வருகின்றன. யாராவது "உங்க ஸ்கோர் என்ன?" என்று கேட்டால் நான்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை அளப்பது? நான் முதலில் வாரம் ஒருமுறை பதிவு செய்து பார்த்துச் சோர்ந்துபோனேன். கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் தோராயக் கணக்கில் பி1 எட்ட 350 முதல் 400 மணி நேரம், பி2 எட்ட 500 முதல் 600 மணி நேரம் வழிகாட்டலோடு கற்க வேண்டும். இடைவெளி ஏறக்குறைய 200 மணி நேரம். தினமும் அரை மணி நேரம் என்றால் 400 நாள். ஒரு வாரத்தில் நிலை மாறியதா என்று பார்ப்பது வீண் வேதனை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே தலைப்பில், ஒரு காலையும் ஒரு மாலையுமாக இரண்டு பதிவு. களைத்த மாலையில் என் பேச்சு அரை நிலையாவது இறங்கிவிடுகிறது. அட்டவணையில் அந்த மாலைப் பதிவைத்தான் குறித்துக்கொள்கிறேன். கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில்தான் வருகின்றன.

போன மாதம் இன்னொரு திட்டத்துக்காக மறுபடி அதே படிவம் வந்தது. அதே ஐந்து கட்டங்கள். இந்தத் தடவை 3ல் டிக் போட்டு, பக்கத்திலிருந்த குறிப்புக் கட்டத்தில் நான்கு வரி எழுதினேன்: துறை சார்ந்த எந்த ஆவணத்தையும் உதவியின்றிப் படிப்பேன். அறிக்கை எழுதுவேன், ஒருமுறை வேறொருவர் பார்க்க வேண்டும். ஒருவரோடு பேசும்போது சிக்கல் இல்லை. பலர் சேர்ந்து பேசும் போன் கூட்டத்தில், தலைப்புகள் முன்னதாகத் தெரிந்தால்தான் என்னால் முழுதாகப் பங்கெடுக்க முடியும்.

இரண்டு நாள் கழித்துப் புதிய மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த கூட்டத்தில் பேசப்போகும் ஆறு விஷயங்களும், என்னிடம் கேட்கப்போகும் இரண்டு கேள்விகளும் அதில் இருந்தன.